மைசூர் பருப்புச் செடி எப்போது பூக்கும்? வெப்பமும் பகல் நீளமும் சேர்ந்த ஒரு கணக்கு

சிரியாவில் அலெப்போ நகரத்துக்குப் பக்கத்தில் தெல் ஹத்யா என்ற ஊரில் இக்கார்டா என்ற வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையம் 1977-இல் தொடங்கப்பட்டது. அங்கே மைசூர் பருப்புப் பயிரில் நல்ல ரகங்களைத் தேர்ந்தெடுத்து, மற்ற நாடுகளுக்கும் விதை அனுப்பிப் பார்த்தார்கள். மேற்கு ஆசியாவில் நன்றாக விளைந்த அந்த விதைகளை இந்தியத் துணைக்கண்டத்தில் விதைத்தபோது ஒரு சிக்கல் வந்தது. உள்ளூர்ச் செடியில் காய் பிடித்து முற்றிக்கொண்டிருக்கும்போது, அதே நாளில் அதே மண்ணில் விதைத்த மேற்கு ஆசியச் செடி அப்போதுதான் மொட்டு விட ஆரம்பிக்கும். அதற்குள் குளிர் போய் வெயில் ஏறிவிடும். வெயிலில் பூ உதிரும், காய் பிடிக்காது.

விதையில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தச் செடி வைத்திருந்த கடிகாரம் வேறு ஊருக்கானது, அவ்வளவுதான். அந்தக் கடிகாரத்தை எப்படி ஒரு சின்னச் சமன்பாடாக எழுதுகிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பள்ளிக்கூடக் கணக்கே போதும், பயப்பட வேண்டாம்.

முதலில் பயிரைப் பற்றி இரண்டு வார்த்தை. வடக்கே மசூர் என்பார்கள், நாம் மைசூர் பருப்பு என்கிறோம், இலங்கையில் வெறுமனே பருப்பு என்றாலே இதுதான். தமிழ்நாட்டில் இது வயல் பயிராக விளைவதில்லை, இலங்கைக்கும் கப்பலில்தான் வருகிறது. இந்தியாவில் மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் பக்கம் குளிர்காலப் பயிர். உலகத்துக்கு அதிகம் ஏற்றுமதி செய்வது கனடா, அதிலும் சஸ்காட்செவன் மாகாணம். செடி முழங்கால் உயரம்கூட இருக்காது. புளிய இலை மாதிரி சின்னச் சின்ன இலைகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும், நுனியில் ஒரு மெல்லிய பற்றுக்கம்பி. இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்திலிருந்து நூல் போல ஒரு காம்பு வரும், அதன் முனையில் அரிசி மணி அளவுக்குப் பூ. வெள்ளை அல்லது வெளிர் நீலம், கிட்டே போய்ப் பார்த்தால் இதழில் நீல நரம்பு ஓடும். நின்ற வாக்கில் பார்த்தால் கண்ணில் படாது. பூத்த தேதி எடுக்கிறவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாத்தியின் ஓரத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, இலையை விரலால் விலக்கி, எத்தனை செடியில் பூ விரிந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். பத்துக்கு ஒரு செடி பூத்தால் பூத்தது என்று சிலர் குறிப்பார்கள், பாதிச் செடி பூத்தால்தான் என்று சிலர். எதை வைத்துக்கொண்டாலும் கடைசி வரை அதே அளவுகோல்தான் இருக்க வேண்டும். கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் ஆதாரம் இப்படி மண்ணில் உட்கார்ந்து எடுத்த தேதிகள்தான், அதை மறந்துவிடக் கூடாது.

சரி, செடிக்கு நேரம் எப்படித் தெரிகிறது?

வெப்பம் புரிந்துகொள்ள எளிது. பாலுக்கு உறை ஊற்றுங்கள். சித்திரை மாதம் சென்னையில் நாலைந்து மணி நேரத்தில் தயிர் உறைந்துவிடும். மார்கழியில் ஊட்டியில் அதே பால், அதே உறை மோர், மறுநாள் காலையிலும் தளதளவென்று நிற்கும். தயிரைப் பொறுத்தவரை 'எத்தனை மணி நேரம்' என்பதற்கு ஒரே பதில் கிடையாது, எவ்வளவு சூடு என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும். செடியின் வளர்ச்சியும் அப்படித்தான். 1735-லேயே ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர், பயிர் முற்றுவதற்கு நாள்களை எண்ணுவதைவிட அந்த நாள்களின் வெப்பத்தைக் கூட்டிப் பார்ப்பது நல்லது என்று எழுதிவிட்டார். இன்றைக்கும் பல பயிருக்கு அந்தக் கூட்டல் கணக்குதான் ஓடுகிறது.

ஆனால் தயிர் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்காது. செடி பார்க்கும். 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். அவர்களிடம் இருந்த ஒரு புகையிலை ரகம் கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும், குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். செடித் தொட்டிகளைப் பகலில் சில மணி நேரம் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்துப் பகலைக் குறைத்துப் பார்த்தார்கள், கோடையிலேயே பூத்தது. பகல் எவ்வளவு நீளம் என்பதைச் செடி அளக்கிறது என்பது அப்படித்தான் தெளிவானது. நம் பழைய சம்பா நெல் ரகங்கள் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு, பகல் குறுகும்போதுதான் கதிர் விடும். பட்டம் தவறக் கூடாது என்று சொல்லி வைத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

மைசூர் பருப்பு இதற்கு நேர் எதிர். பகல் நீள நீள அது சீக்கிரம் பூக்கும். பகல் குறுகினால் பூப்பதை நிறுத்திவிடாது, தள்ளிப்போடும். இந்த 'தள்ளிப்போடும்' முக்கியம். சில செடிகள் ஒரு எல்லைக்குக் கீழே பூக்கவே மாட்டேன் என்று நிற்கும், இதற்கு அந்தப் பிடிவாதம் இல்லை. கணக்கு இவ்வளவு எளிதாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது ஊர்களைப் பார்ப்போம். சஸ்காட்டூன் நகரம் 52-வது அட்சரேகையில் இருக்கிறது, ஜூன் மாதக் கடைசியில் அங்கே பகல் சுமார் 16 மணி 45 நிமிடம். மே மாதம் விதைப்பு என்பதால் செடி கண்ணைத் திறப்பதே நீண்ட பகலில்தான். போபாலில் ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பு. டிசம்பரில் பகல் 10 மணி 40 நிமிடத்துக்குச் சுருங்கிவிடும். அலெப்போ பக்கம் குளிர்கால ஆரம்பத்தில் விதைத்து, பனியையும் குட்டைப் பகலையும் தாண்டி, வசந்தத்தில் பகல் நீளும்போது பூக்கும். ஒரு ஊரின் பகல் நீளம் ஆயிரம் வருடம் ஆனாலும் அந்தத் தேதிக்கு அதேதான், அட்சரேகையும் தேதியும் தெரிந்தால் எழுதிவிடலாம். வெப்பநிலைதான் வருடத்துக்கு வருடம் ஆடும்.

இனி கணக்கு. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சம்மர்ஃபீல்டு, ராபர்ட்ஸ், எல்லிஸ், ஹாட்லி என்று ஒரு குழு 1980-களில் பயறு வகைகளை எடுத்துக்கொண்டு பூக்கும் நாளைத் தேடியது. மைசூர் பருப்புக்கான அவர்களுடைய முதல் பெரிய கட்டுரை 1985-இல் வந்தது, இக்கார்டாவின் எர்ஸ்கினும் அதில் சேர்ந்திருந்தார். அவர்கள் செய்தது ஒரு சின்னத் திருப்பம், எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்தது அதுதான்: நாளைக் கணக்கில் எடுக்காமல் நாளைத் தலைகீழாக்கி எடுத்தார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு செடி 50 நாளில் பூத்தது என்றால், ஒவ்வொரு நாளும் அது தன் பாதையில் ஐம்பதில் ஒரு பங்கு நடந்திருக்கிறது, அதாவது 0.02. 100 நாளில் பூத்தால் நாளுக்கு 0.01. இது வேகம். பகல் நீளத்துக்கு எதிரே நாள்களை வைத்துப் படம் போட்டால் வளைந்து நெளிந்து ஒரு கோடு வரும், அதில் வெப்பத்தையும் சேர்த்தால் இடியாப்பம்தான். அதே இடத்தில் வேகத்தை வைத்துப் படம் போட்டால் கோடு நேராகிவிடுகிறது! வெப்பத்துக்கும் நேர்கோடு, பகல் நீளத்துக்கும் நேர்கோடு. இரண்டையும் கூட்டினால் போதும், ஒன்று மற்றொன்றைத் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே,

வேகம் = அ + (ஆ × சராசரி வெப்பநிலை) + (இ × சராசரி பகல் நீளம்)

மாடல் என்று சொல்வது இந்த ஒரு வரியைத்தான். அ, ஆ, இ மூன்றும் அந்தந்த ரகத்துக்கு உரிய எண்கள். ஆ பெரிதாக இருந்தால் அந்த ரகம் வெப்பத்துக்கு அதிகம் அசையும், இ பெரிதாக இருந்தால் பகல் நீளத்துக்கு. அ என்பது கோடு எங்கே தொடங்குகிறது என்று காட்டுவது, வழக்கமாகக் கழித்தலில் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை, எந்த உண்மை ரகத்தின் எண்களும் இல்லை: அ கழித்தல் 0.015, ஆ 0.0007, இ 0.0015. கனடாவில் விதைப்பு முதல் பூ வரை சராசரி 16 டிகிரி, 16 மணி நேரப் பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.0112-ஐயும் 0.024-ஐயும் கூட்டி 0.015-ஐக் கழித்தால் 0.0202. இதைத் தலைகீழாக்கினால், ஒன்றை 0.0202-ஆல் வகுத்தால், சுமார் 50 நாள். போபாலுக்கு 20 டிகிரி, 11 மணி: வேகம் 0.0155, சுமார் 65 நாள். அலெப்போவுக்கு 10 டிகிரி, 11 மணி: 0.0085, சுமார் 118 நாள்.

கனடாவையும் போபாலையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போபால் 4 டிகிரி சூடு அதிகம், ஆனாலும் பூ 15 நாள் தாமதம். வெப்பத்தை மட்டும் கூட்டும் பழைய முறையில் போட்டால் விடை தலைகீழாக வந்திருக்கும். அப்புறம், இ-ஐ ஆ-ஆல் வகுத்தால் 2.1 வருகிறது. அதாவது இந்தக் கற்பனை ரகத்துக்கு ஒரு மணி நேரக் கூடுதல் பகலும் 2 டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமான கூடுதல் வெப்பமும் ஒன்று. செடியின் உள்ளே இரண்டு வேறு நாணயம் ஓடுகிறது, அவற்றுக்கு நடுவில் மாற்று விகிதம் இதுதான் என்று சொல்லலாம்.

இந்த மூன்று எண்களை எங்கிருந்து எடுப்பது? இந்த இடத்தில்தான் ஆரம்பத்தில் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரே ஊரில், ஒரே பருவத்தில், பத்து வருடம் விதைத்துத் தேதி எடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. எந்த ஊரிலும் பகல் நீளும்போதே சூடும் ஏறுகிறது, குறுகும்போதே இறங்குகிறது, இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் போகும். சீக்கிரம் பூத்தது வெயிலாலா பகலாலா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. வீட்டில் எப்போதும் சேர்ந்தே சமைக்கிற இரண்டு பேரில் யார் உப்புப் போட்டது என்று சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல முடியாத மாதிரி. பிரிக்க வேண்டுமென்றால் சூடும் குட்டைப் பகலும், குளிரும் நீண்ட பகலும் என்று இயற்கை அடிக்கடி கொடுக்காத சேர்க்கைகளைக் காட்ட வேண்டும். ரெடிங்காரர்கள் வெப்பத்தையும் விளக்கையும் கட்டுப்படுத்திய அறைகளில் அதைச் செய்தார்கள். பிறகு 1990-இல் வெளிவந்த வேலையில் உலகம் முழுவதிலும் இருந்து 200-க்கும் மேற்பட்ட விதை மாதிரிகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எண்கள் கண்டார்கள். இன்னொரு வழி, ஒரே விதைத் தொகுப்பை வெவ்வேறு அட்சரேகைகளில் விதைப்பது. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 324 மாதிரிகளைக் கனடா, அமெரிக்கா, இந்தியா, நேபாளம், வங்கதேசம், ஸ்பெயின், இத்தாலி, மொராக்கோ என்று பல நாடுகளில் விதைத்துப் பார்த்தது அப்படிப்பட்ட முயற்சி. போபாலும் அதில் ஓர் இடம். தேதிகள் கையில் வந்ததும், எல்லாப் புள்ளிகளுக்கும் கூடுமான வரை அருகில் போகிற கோட்டைக் கணினி கண்டுபிடித்துக் கொடுக்கும். அந்தக் கோட்டின் மூன்று எண்கள்தான் அ, ஆ, இ.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கலாம். விதைப்பு முதல் பூ வரை சராசரி எடுக்கச் சொல்கிறாய், பூக்கும் நாள்தான் தெரியாதே, அப்புறம் எந்த நாள் வரை சராசரி எடுப்பது? நியாயமான கேள்வி. தீர்வும் வேகத்திலேயே இருக்கிறது. சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளாகப் போட வேண்டும். கனடாவில் மே மாத நடுவில் ஒரு நாள், 9 டிகிரி, 15.7 மணி: செடி அன்றைக்கு 0.015 நடந்தது, அதாவது பாதையில் 1.5 சதவீதம். ஜூன் 20, 18 டிகிரி, 16.7 மணி: 0.023. இப்படித் தினமும் உண்டியலில் போட்டுக்கொண்டே வந்து, மொத்தம் 1 ஆகிற நாள்தான் பூக்கும் நாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்தி கோடு போட்டு, தேதி, வெப்பம், பகல், கூட்டுத்தொகை என்று எழுதி நீங்களே செய்யலாம். பகல் நீளத்தில் மட்டும் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள்: சூரியன் உதிப்பதற்கு முன்னும் மறைந்த பின்னும் இருக்கிற மங்கல் வெளிச்சத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. வடக்கே போகப் போக அந்த வித்தியாசம் பெரிதாகும். ஒருவர் கண்டுபிடித்த எண்ணை எடுத்து, அதில் இன்னொருவர் வழக்கப்படி எடுத்த பகல் நீளத்தைப் போட்டால் விடை சில நாள்கள் தள்ளிப்போகும்.

தலைகீழாக்கியதால் வருகிற ஒரு விளைவை இங்கே நின்று பார்க்க வேண்டும். மூன்று ஊரிலும் வெப்பநிலை ஒரேயடியாக 1.5 டிகிரி கூடுகிறது என்று வையுங்கள். வேகம் எல்லா ஊரிலும் ஒரே அளவு, 0.00105, கூடும். ஆனால் நாள்கள்? கனடாவில் 50 நாள் 47 ஆகிறது. போபாலில் 65 நாள் 60 ஆகிறது. அலெப்போவில் 118 நாள் 105-க்கு இறங்குகிறது, கிட்டத்தட்ட இரண்டு வாரம்! மெதுவாக நடக்கிறவனுக்கு ஒரு சின்ன உந்தல் கொடுத்தால் சேர்கிற நேரம் நிறையக் குறையும், வேகமாக ஓடுகிறவனுக்கு அதே உந்தல் பெரிதாகத் தெரியாது. பூமி சூடாவதால் பூக்கும் நாள் எவ்வளவு முந்தும் என்று பொத்தாம் பொதுவாகக் கேட்கிறவர்களுக்கு, எந்த ஊர், எந்த ரகம் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. இரண்டு வாரம் முந்திப் பூத்தால் விளைச்சலுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் செடி இன்னும் சின்னதாக இருக்கும்போதே பூத்துவிடும், கணுக்கள் குறைவு, காய் பிடிக்க இடம் குறைவு, சில வருடம் பின்பனியிலும் மாட்டிக்கொள்ளும்.

ரகங்களுக்கு வருவோம். ஆரம்பத்தில் சொன்ன மேற்கு ஆசியச் செடிகள் பகல் நீளத்தை நம்பி வாழ்பவை. பகல் நீளட்டும், பனி போகட்டும், பிறகு பூக்கலாம் என்று காத்திருப்பது அந்த ஊருக்குப் புத்திசாலித்தனம். துணைக்கண்டத்துச் செடிகள் வேறு வழியில் போனவை, குட்டைப் பகலிலும் பூக்கப் பழகியவை. அவற்றுக்குப் பகலின் பிடி தளர்ந்திருக்கிறது, வெப்பத்தின் பேச்சைத்தான் அதிகம் கேட்கின்றன. இந்த வித்தியாசத்தால் இரண்டு கூட்டத்தையும் கலப்பினம் செய்வதே கஷ்டமாக இருந்தது: ஒன்று பூக்கும்போது மற்றது பூக்காது. துணைக்கண்டத்தின் பருப்பு வெகுகாலம் ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றி வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். அந்தப் பூட்டைத் திறக்க உதவியது அர்ஜென்டினாவிலிருந்து வந்த பிரெகோஸ் என்ற ரகம். பெரிய விதை, ஆனால் குட்டைப் பகலிலும் சீக்கிரம் பூக்கும். அதன் ரகசியத்தை 2012-இல் வந்த ஆய்வு காட்டியது: செடியின் உள் கடிகாரத்தோடு சம்பந்தப்பட்ட ஈ.எல்.எஃப்.3 என்ற மரபணு அதில் பழுதுபட்டிருக்கிறது. 'பகல் இன்னும் குட்டை, பொறு' என்று தடுக்கிற காவலாளி வேலையை விட்டுப் போன மாதிரி. சமன்பாட்டின் மொழியில் சொன்னால் இ சுருங்கிவிட்டது. கோடு போட்டுக் கண்டுபிடித்த ஒரு எண்ணுக்குப் பின்னால் இப்படிக் கையால் தொடக்கூடிய ஒரு மரபணு இருப்பதை முதல் தடவை படித்தபோது எனக்கு உண்மையாகவே புல்லரித்தது.

மாடல் எங்கே சறுக்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோடு ஓர் எல்லைக்குள்தான் நேர்கோடு. சூடு அளவுக்கு மீறினால் வேகம் கூடாது, குறையத் தொடங்கும், சமன்பாடோ கூடிக்கொண்டே போகும் என்று சொல்லும். விதை முளைத்து மண்ணுக்கு மேலே வருகிற வரை பகல் நீளம் அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. அந்தச் சில நாள்களையும் இந்த ஒரு வரி ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறது. தண்ணீர் வற்றினால் சில ரகம் அவசரமாகப் பூக்கும், அதுவும் இதில் இல்லை. வெளிச்சத்தின் நிறத்துக்கும் இந்தச் செடி மசியும். பக்கத்துச் செடியின் நிழலில் சிவப்பு குறைந்து தூரச் சிவப்பு (நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, சிவப்பைத் தாண்டிய ஒளி) கூடினால் பூப்பது முந்தும். இத்தனையையும் விட்டுவிட்டும் மூன்றே எண்களால் பல கண்டங்களின் பூத்த தேதிகளை இவ்வளவு கிட்டே சொல்ல முடிகிறது என்பதால்தான் 40 வருடமாக இதை யாரும் தூக்கி எறியவில்லை.

காவிரி டெல்டாவில் நெல் தரிசு உளுந்து தெரியும் இல்லையா? பீகாரிலும் வங்காளத்திலும் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பு, ஈரம் காயாத வயலில், நிற்கிற நெல்லுக்கு நடுவிலேயே மசூர் விதையைத் தூவுவார்கள். பைரா என்று பெயர். நெல் தாமதமானால் மசூரும் தாமதம், மார்ச் வெயில் மட்டும் தாமதமாகாது. அந்த வயலுக்கு ஒரு ரகம் தேர்ந்தெடுக்கிறவர் கேட்பது ஒரே கேள்வி: நவம்பர் கடைசியில் தூவினால் ஜனவரி முடிவதற்குள் பூக்குமா? ரகத்தின் மூன்று எண்களும், அந்த ஊரின் பழைய வெப்பநிலைப் பதிவும், அட்சரேகையும் இருந்தால், விதை மண்ணில் விழுவதற்கு முன்னாலேயே நோட்டுப் புத்தகத்தில் உண்டியலை நிரப்பிப் பார்த்துவிடலாம்.